வரிசை கலைந்த வெய்லர்ஸ்: 'லெஜெண்ட்' தொகுப்பை முன்வைத்து

கேள்வி

பாப் மார்லி என்றதும் உலகின் பெரும்பாலானோருக்கு நினைவில் எழும் பாடல்கள் ஏறத்தாழ ஒரே பட்டியலுக்குள் அடங்கிவிடும். 1984 மே மாதம் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'லெஜெண்ட்' தொகுப்பு வகுத்துத் தந்த பட்டியல் அது. 1981 மே 11 அன்று, 36 வயதில், மார்லி புற்றுநோயால் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பாப் மார்லி அண்ட் த வெய்லர்ஸின் மிகச்சிறந்தவை' என்று அட்டையிலேயே அறிவித்துக்கொண்டு வந்த அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்றுவரை உலகெங்கும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கிறது. ரெகே இசையில் இதற்கு இணையாக விற்ற ஆல்பம் வேறில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த விற்பனையைப் பற்றியது அன்று. 1960களின் தொடக்கத்தில் கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச் டவுனில் பாடத் தொடங்கி, ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே என்று ஜமைக்காவின் ஒவ்வோர் இசைத் திருப்பத்தையும் கடந்து வந்த ஒரு குழுவின் மாறிக்கொண்டேயிருந்த பாணியை 14 பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பு நேர்மையாகக் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால், அதற்குக் காரணம் வெறும் இடப்பற்றாக்குறைதானா? எந்தத் தொகுப்பிலும் விடுபடல்கள் இருக்கும்; அதைச் சொல்லக் கட்டுரை தேவையில்லை. என்ன விடுபட்டது, எந்த விதியின்படி விடுபட்டது, மிஞ்சியவற்றை எப்படி அடுக்கினார்கள் என்பதே ஆராயத்தக்கது.

இதுவரை சொல்லப்பட்டவை

'லெஜெண்ட்' மீது வைக்கப்படும் பழகிய குற்றச்சாட்டு அரசியல் சார்ந்தது. அடிமை வணிகத்தையும் காலனியத்தையும் நிறவெறியையும் பாடிய ஒரு ராஸ்தாஃபாரியைக் கடற்கரையில் கேட்க ஏற்ற இதமான காதல் பாடகனாக மாற்றிவிட்டார்கள் என்பது அதன் சாரம். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தொகுப்பை உருவாக்கிய டேவ் ராபின்சன், ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸை நிறுவியவர்களில் ஒருவர். அப்போது ஐலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தார். வெள்ளையர் சந்தையை மனத்தில் வைத்தே தொகுப்பைத் திட்டமிட்டதாகப் பிற்காலப் பேட்டியில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சந்தை ஆய்வு செய்து, மார்லியின் பாடல்களைக் கேட்கத் தயாராக இருந்தும் அவருடைய கலகக்காரப் பிம்பத்தால் தயங்கி நின்றவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்கென்றே பாடல்களையும் அட்டைப்படத்தையும் விளம்பர வாசகங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். விளம்பரத்தில் 'ரெகே' என்ற சொல்லையே கூடியவரை தவிர்த்தார்கள்.

எதிர்த்தரப்பு வாதமும் பழையதுதான்: தொகுப்பு ஒரு நுழைவாயில், உள்ளே வந்தவர்கள் மற்ற ஆல்பங்களைத் தேடிப் போவார்கள். இதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 'லெஜெண்ட்' இல்லையென்றால் 1980களுக்குப் பின் பிறந்த தலைமுறைகளிடம் மார்லி இந்த அளவுக்குச் சேர்ந்திருக்கமாட்டார்.

ஆய்வாளர்களின் பார்வை வேறொரு திசையில் நீண்டிருக்கிறது. மைக் அலெய்ன் போன்றோர் ஐலண்ட் நிறுவனம் 1973லேயே வெய்லர்ஸின் ஒலியை ராக் ரசிகர்களுக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கவிஞர் க்வாமே டாஸ் மார்லியின் பாடல்வரிகளைப் பற்றிய தன் நூலில் ஆல்பம் ஆல்பமாகச் செல்கிறார்; ஒவ்வோர் ஆல்பத்தையும் தனித்த ஒரு வாதமாகப் படிக்கிறார்.

அரசியல் நீக்கம் என்ற குற்றச்சாட்டு பாதியளவே சரி என்பது என் கருத்து. 'கெட் அப், ஸ்டாண்ட் அப்', 'ஐ ஷாட் த ஷெரிஃப்', 'பஃபலோ சோல்ஜர்', 'எக்ஸொடஸ்', 'ரிடெம்ப்ஷன் சாங்' ஆகிய ஐந்தும் இந்த 14இல் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரசியல் பேசும் தொகுப்பை அரசியலற்றது என்று சொல்வது பொருந்தாது. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 'லெஜெண்ட்' அழித்தது காலத்தை. ஒரு குழு எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் யாரை இழந்தது, எந்தத் தாளத்தை விட்டு எந்தத் தாளத்துக்கு வந்தது என்பதைக் கேட்பவர் உணரவே முடியாதபடி செய்துவிட்டது.

14 பாடல்கள் எங்கிருந்து வந்தன

பாடல்களை அவை முதலில் இடம்பெற்ற ஆல்பத்தோடு பொருத்திப் பார்த்தாலே படம் தெளிவாகிவிடும். 'எக்ஸொடஸ்' (1977) ஆல்பத்திலிருந்து ஐந்து. 'காயா' (1978), 'அப்ரைசிங்' (1980), 'பர்னின்' (1973) ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு. 'கேட்ச் எ ஃபயர்' (1973), 1975 மேடைப்பதிவான 'லைவ்!', மறைவுக்குப் பின் வந்த 'கான்ஃப்ரண்டேஷன்' (1983) ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று. 'ராஸ்தாமேன் வைப்ரேஷன்' (1976), 'சர்வைவல்' (1979) இரண்டிலிருந்தும் ஒன்றுகூட இல்லை.

'எக்ஸொடஸ்', 'காயா' இரண்டும் தனித்தனி ஆண்டுகளில் வெளிவந்தாலும், 1977இன் தொடக்கத்தில் லண்டனில் ஒரே தொடர் ஒலிப்பதிவில் உருவானவை. அப்படியானால் 14இல் ஏழு, சரிபாதி, ஒரே நகரத்தில் ஒரே சில மாதங்களில் ஒரே இசைக்கலைஞர்கள் வாசித்தவை. இருபதாண்டை நெருங்கும் இசைவாழ்வின் 'மிகச்சிறந்தவை' என்ற பெயரில் நாம் கேட்பதில் பாதி, 1977இல் லண்டனில் இருந்த வெய்லர்ஸ்.

அந்த லண்டன் நாட்களின் பின்னணி மென்மையானதன்று. 1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டனில் ஹோப் சாலை 56ஆம் எண் வீட்டுக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்தவர்கள் மார்லியையும் அவர் மனைவி ரீட்டாவையும் மேலாளர் டான் டெய்லரையும் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் காயத்தோடேயே 'ஸ்மைல் ஜமைக்கா' மேடையில் பாடிவிட்டு மார்லி நாட்டை விட்டு வெளியேறினார். இதற்குப் பின் பதிவான 'எக்ஸொடஸ்' ஆல்பம் இரு பக்கங்களாகத் தெளிவாகப் பிரிந்திருக்கிறது. முதல் பக்கம்: 'நேச்சுரல் மிஸ்டிக்', 'சோ மச் திங்ஸ் டு சே', 'கில்ட்டினெஸ்', 'த ஹீத்தன்', 'எக்ஸொடஸ்'. இரண்டாம் பக்கம்: 'ஜேமிங்', 'வெயிட்டிங் இன் வெய்ன்', 'டர்ன் யுவர் லைட்ஸ் டவுன் லோ', 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்', 'ஒன் லவ்'. முதல் பக்கம் இருண்டது. குற்றத்தையும் துரோகத்தையும் தெய்வத் தீர்ப்பையும் நினைத்துக்கொண்டே தலைப்புப் பாடலின் பெரும் புறப்பாட்டுக்கு ஏறிச் செல்வது. அந்தப் புறப்பாட்டுக்குப் பிறகுதான் இரண்டாம் பக்கத்தின் ஆறுதல் வருகிறது.

'லெஜெண்ட்' முதல் பக்கத்திலிருந்து எடுத்தது ஒன்று. இரண்டாம் பக்கத்தின் ஐந்தில் எடுத்தது நான்கு. ஒரு மனிதன் சுடப்பட்டு, ஊரைவிட்டு அகன்று, எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பாடலாக 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' அந்த ஆல்பத்தில் ஒலிக்கிறது. தொகுப்பில் நான்காவது பாடலாக, 'குட் யூ பி லவ்ட்' முடிந்ததும் வரும்போது அது கவலையே அறியாத பாடலாகிவிடுகிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை. அருகில் நின்றவை மட்டும் மாறின. பாணி என்பது ஒரு பாடலுக்குள் மட்டும் இருப்பதன்று, எதற்குப் பின் எது வருகிறது என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியாது.

தொகுப்பின் வரிசை இன்னும் மோசம். முதல் ஐந்து பாடல்களும் வெளிவந்த ஆண்டுகள் இவை: 1978, 1975, 1980, 1977, 1983. இதில் இசை சார்ந்த தர்க்கம் எதையும் என்னால் காண முடியவில்லை. கேட்பவர் சலித்து எழுந்துவிடாதபடி வேகத்தையும் மனநிலையையும் மாற்றி மாற்றி அடுக்கும் வானொலித் தர்க்கம்தான் இருக்கிறது.

'ஹிட்' என்பதை யார் தீர்மானித்தார்கள்

ஏன் இந்த 14? விடை எளிது. 1984 வரை பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்த மார்லியின் பத்து சிங்கிள்களும் இதில் இருக்கின்றன. அவற்றோடு பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் குழுவில் இருந்த காலத்துப் பாடல்கள் மூன்றையும், முடிவில் 'ரிடெம்ப்ஷன் சாங்'கையும் சேர்த்தார்கள்.

ஆக, உலகத்துக்கான தேர்வு ஒரே ஒரு நாட்டின் கடை விற்பனையைக் கொண்டு நடந்தது. ஜமைக்காவில் எது ஹிட் என்று கேட்டிருந்தால் பட்டியலே வேறு. அங்கே 1964இல் 'சிம்மர் டவுன்' ஊரையே ஆட்டிவைத்தது. 1971இல் 'ட்ரெஞ்ச் டவுன் ராக்' மாதக்கணக்கில் பட்டியலின் உச்சியில் இருந்தது. இரண்டுமே 'லெஜெண்ட்'டில் இல்லை. அமெரிக்காவில் கேட்டிருந்தாலும் வேறு விடைதான். மார்லியின் வாழ்நாளில் அமெரிக்காவின் 'ஹாட் 100' பட்டியலுக்குள் நுழைந்த அவருடைய ஒரே சிங்கிள் 'ரூட்ஸ், ராக், ரெகே' (1976). அவர் வாழ்நாளில் அங்கே மிக உயரம் போன ஆல்பம், எட்டாம் இடம் வரை ஏறிய 'ராஸ்தாமேன் வைப்ரேஷன்'. தொகுப்பில் அந்தப் பாடலும் இல்லை, அந்த ஆல்பத்தின் வேறெந்தப் பாடலும் இல்லை.

அந்தப் பத்து ஹிட்களும் எப்படி ஹிட் ஆயின என்பதையும் பார்க்க வேண்டும். 'ஒன் லவ்' 1977ஆம் ஆண்டுப் பதிவு; ஆனால் சிங்கிளாக வந்து பிரிட்டனில் ஐந்தாம் இடம் பிடித்தது 1984இல், இந்தத் தொகுப்புக்கு முன்னறிவிப்பாக. தொகுப்பில் சேரும் தகுதியை அந்தப் பாடலுக்குத் தந்ததே தொகுப்பின் விளம்பரம்தான். 'பஃபலோ சோல்ஜர்' மார்லி இறந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. 'நோ உமன், நோ க்ரை' 1975இல் 22ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1981இல், அவர் மறைந்தபின் மறுவெளியீடு கண்டபோதுதான் எட்டாம் இடம் வரை போனது. 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' ஆல்பத்தில் வந்து மூன்று ஆண்டு கழித்து, 1980இல்தான் சிங்கிளாயிற்று. எந்தப் பாடலை எப்போது சிங்கிளாக வெளியிடுவது என்று நிறுவனம் முடிவெடுக்கிறது. அந்த முடிவின் விளைவைப் பிறகு 'மக்கள் தீர்ப்பு' என்று அதே நிறுவனம் எடுத்துக் காட்டுகிறது. இந்தச் சுழற்சியை மறந்துவிட்டு, ஹிட் பட்டியலை ஒரு குழுவின் தரத்துக்கோ வளர்ச்சிக்கோ அளவுகோலாகக் கொள்ள முடியாது.

ஹிட் ஆகாத மூன்று பழைய பாடல்களில் இரண்டு ஏற்கனவே பிறர் குரலில் புகழ்பெற்றவை: 'ஸ்டிர் இட் அப்'பை 1972இல் ஜானி நாஷ் பிரிட்டனில் ஹிட்டாக்கியிருந்தார், 'ஐ ஷாட் த ஷெரிஃப்'பை 1974இல் எரிக் க்ளாப்டன் அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்.

ஒரே பாடல், வேறு வேறு தாளம்

வெய்லர்ஸ் தங்கள் பழைய பாடல்களைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்த குழு. எனவே அவர்களுடைய பாணி மாற்றத்தை அறிய வெவ்வேறு பாடல்களை ஒப்பிட வேண்டியதில்லை. ஒரே பாடலின் வெவ்வேறு பதிவுகளே போதும். 'லெஜெண்ட்'டின் 14இல் குறைந்தது மூன்றுக்கு முற்பிறவி உண்டு.

'ஒன் லவ்' முதன்முதலில் 1965இல் கிங்ஸ்டனில், காக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன்னில் ஸ்கா பாடலாகப் பதிவானது. ஸ்கா வேகமானது, எண்ணிக்கைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் கிட்டாரும் பியானோவும் துள்ளித் துள்ளி விழும், ஊதுகருவிகள் முன்னே நிற்கும். இளைஞர்கள் கூட்டமாகப் பாடும் குரலில் தேவாலயமும் தெருவும் சேர்ந்து ஒலிக்கும். 1977 பதிவில் வேகம் தணிந்துவிட்டது. ரீட்டா மார்லி, ஜூடி மோவாட், மார்சியா க்ரிஃபித்ஸ் ஆகிய 'ஐ த்ரீஸ்' பாடகியரின் குரல்கள் மார்லியின் குரலைத் தாங்கிப் பிடிக்கின்றன. கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'பீப்பிள் கெட் ரெடி'யிலிருந்து எடுத்தாண்டதற்கு உரிய குறிப்பும் பெயரோடு சேர்ந்துகொண்டது. இருபது வயது இளைஞனின் ஆர்ப்பரிப்பாக இருந்தது, 32 வயது மனிதனின் வேண்டுதலாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது எனக்குள் எழும் வியப்பைத் தொகுப்பின் ஒற்றைப் பதிவு ஒருபோதும் தந்ததில்லை.

'சாட்டிஸ்ஃபை மை சோல்' அடிப்படையில் 1971இல் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரியின் தயாரிப்பில் வந்த 'டோன்ட் ராக் மை போட்'தான். பெர்ரியோடு பணியாற்றிய 1970-71 காலத்தை வெய்லர்ஸின் உச்சம் என்று கருதுவோர் பலர். நானும் அவர்களில் ஒருவன். அலங்காரம் எதுவுமில்லை. பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்துவிட்டது. மூன்று குரல்களும் காதுக்கு மிக அருகில், ஏறக்குறைய கிசுகிசுப்பாக இணைகின்றன. பெர்ரியின் இசைக்குழுவில் இருந்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பேரட் (பேஸ்), கார்ல்டன் பேரட் (ட்ரம்ஸ்) சகோதரர்கள் வெய்லர்ஸோடு ஒன்றிப்போனதும் இந்தக் காலத்தில்தான். பிற்கால மார்லியின் ஒலிக்கு அடித்தளம் அவர்கள் இருவரும்.

கார்ல்டன் பேரட்டின் கைவண்ணம் என்று போற்றப்படும் 'ஒன் ட்ராப்' தாளத்தைச் சற்று விளக்க வேண்டும். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் ராக் இசை முதல் எண்ணிக்கையை அழுத்தும். ஒன் ட்ராப்பில் அந்த முதல் எண்ணிக்கையை ட்ரம்ஸ் வெறுமையாக விட்டுவிடும்; மூன்றாம் எண்ணிக்கையில் பேஸ் ட்ரம்மும் ஸ்நேரும் ஒன்றாக விழும். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் வெட்டும். விழ வேண்டிய அடி விழாமல் போகும் அந்த வெற்றிடத்தில்தான் ரெகேயின் ஆட்டமே இருக்கிறது. 'எக்ஸொடஸ்' தலைப்புப் பாடலிலோ இதே கார்ல்டன் ஒன் ட்ராப்பைக் கைவிட்டு நான்கு எண்ணிக்கையிலும் பேஸ் ட்ரம்மை மிதிக்கிறார், 'ஸ்டெப்பர்ஸ்' என்பார்கள். நடந்து செல்லும் ஒரு மக்கள்திரளின் காலடி அது. 'குட் யூ பி லவ்ட்'டில் டிஸ்கோ, ஃபங்க் இசைகளின் சாயல் ஏறிவிட்டது. இந்த மாற்றங்களில் கடைசிக் கட்டம் மட்டும் 'லெஜெண்ட்'டில் சிதறிக் கிடக்கிறது. ஸ்காவும் ராக்ஸ்டெடியும் பெர்ரி காலமும் அறவே இல்லை.

இங்கே தொகுப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ ஒன் பதிவுகளின் உரிமை காக்ஸன் டாட்டிடம் இருந்தது. பெர்ரி காலத்துப் பதிவுகளும் ஐலண்ட் நிறுவனத்துடையவை அல்ல. 1984இல் ராபின்சன் விரும்பியிருந்தாலும் அவற்றை எளிதில் சேர்த்திருக்க முடியாது. ஆனால் அட்டை அப்படிச் சொல்லவில்லை. 'ஐலண்ட் ஆண்டுகளிலிருந்து' என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

ஐலண்ட் பதிவுகளுக்குள்ளேயே இன்னொரு மாற்றம் நடந்தது. 1972இல் ஐலண்ட் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் 4,000 பவுண்டு முன்பணம் கொடுத்து 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தைக் கிங்ஸ்டனில் பதிவு செய்யச் சொன்னார். ஒலிநாடாக்கள் லண்டன் வந்ததும் வெய்ன் பெர்க்கின்ஸின் லீட் கிட்டாரும் ஜான் 'ராபிட்' பண்ட்ரிக்கின் கீபோர்டும் அவற்றின்மேல் ஏற்றப்பட்டன. 2001இல் வெளிவந்த சிறப்புப் பதிப்பில் அந்த மேலேற்றம் இல்லாத மூலப் பதிவும் கிடைத்தது. 'ஸ்டிர் இட் அப்'பை இரண்டு வடிவிலும் கேட்கலாம். மூலத்தில் பேஸும் குரல்களும் ஆள்கின்றன, பாடல் குட்டையானது. லண்டன் வடிவில் வழுக்கிச் செல்லும் கிட்டார் பாடலைச் சுற்றிச் சுற்றி வருகிறது, நீளமும் கூடிவிட்டது. அந்தக் கிட்டார் அழகானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் 1967இலேயே வெய்லர்ஸ் ஒருமுறை பதிவு செய்துவிட்ட பாடல் இது. மூன்று வடிவங்களில் மூன்றாவதை மட்டுமே உலகம் அறியும்.

தொகுப்பு சரியாகத் தேர்ந்த இடமும் உண்டு. 'நோ உமன், நோ க்ரை'யின் ஸ்டூடியோ வடிவம் 'நாட்டி ட்ரெட்' ஆல்பத்தில் இருக்கிறது. தாள இயந்திரத்தின் சீரான தட்டலோடு சற்று விரைவாக ஓடி முடிந்துவிடும். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பாடியபோது அது வேறொன்றாயிற்று. வேகம் தணிந்து, ஆர்கன் விரிந்து, மார்லி வாய் திறக்கும் முன்பே கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறது. அந்த மேடை வடிவைத் தொகுப்பில் வைத்தது, விற்பனைக் காரணத்துக்காகவே என்றாலும், சரியான முடிவு.

குழு எங்கே

'கேட்ச் எ ஃபயர்', 'பர்னின்' இரண்டும் முதலில் வந்தபோது அட்டையில் இருந்த பெயர் 'த வெய்லர்ஸ்'. மூன்று பேர் சேர்ந்து பாடிய குழு அது. மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் மூவரும் எழுதினார்கள், மூவரும் முன்னணியில் நின்று பாடினார்கள். டாஷும் பன்னியும் விலகியபின் வந்த 'நாட்டி ட்ரெட்'டிலிருந்துதான் 'பாப் மார்லி அண்ட் த வெய்லர்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. பெயர் ஒன்றுபோல் தோன்றினாலும் இவை இரண்டு வெவ்வேறு குழுக்கள்.

'கெட் அப், ஸ்டாண்ட் அப்'பை மார்லியும் டாஷும் சேர்ந்து எழுதினார்கள். கடைசிச் சரணத்தைப் பாடுவது டாஷ். மார்லியின் குரலில் இருக்கும் இழைவு அந்தக் குரலில் இல்லை. கனமாக, நேராக, வாதாடும் குரலில் வருகிறது. 'லெஜெண்ட்' மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சரணத்தில் குரல் மாறுவதை உணரவே வாய்ப்பு குறைவு. உணர்ந்தாலும் அது யார் என்று தொகுப்புக்குள்ளிருந்து அறிய வழியில்லை. அந்தப் பாடலுக்கு முன் 'பஃபலோ சோல்ஜர்' இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி, குழுவின் பிளவு, மார்லியின் மரணம் மூன்றும் இருக்கின்றன. தொகுப்பில் அவற்றைப் பிரிப்பது சில நொடி மௌனம் மட்டுமே.

பழைய பாடல்களின் குரலிணைவு மூன்று ஆண்குரல்களால் ஆனது. பிற்காலத்தில் ஓர் ஆண்குரலும் மூன்று பெண்குரல்களும். கேட்கத் தெரிந்த காதுக்கு வெய்லர்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய பாணி மாற்றம் இதுதான்; தாள மாற்றத்தையும்விடப் பெரியது. ஒருவரோடொருவர் போட்டியிட்ட சமமான குரல்கள் போய், ஒரு தலைவரும் அவருக்குப் பதிலளிக்கும் குழுவும் வந்தார்கள். மார்லி தீர்க்கதரிசியைப்போல் ஒலிக்கத் தொடங்கியதற்கு அவருடைய வரிகளும் நம்பிக்கையும் மட்டும் காரணமல்ல, இந்தக் குரல் அமைப்பும் காரணம்.

பீட்டில்ஸ்: வரிசை மட்டும் போதுமா

காலவரிசைப்படி அடுக்கியிருந்தால் இந்தக் குறைகள் தீர்ந்திருக்குமா என்று கேட்கலாம். பீட்டில்ஸ் தொகுப்புகள் இதற்கு நல்ல சோதனை. 1973இல் வந்த சிவப்பு அட்டை ('1962–1966'), நீல அட்டை ('1967–1970') இரண்டும் காலவரிசையில் அமைந்தவை. முதல் தொகுப்பின் தொடக்கத்திலிருந்து இரண்டாவதன் இறுதிவரை கேட்பவருக்கு, எட்டே ஆண்டில் ஒரு குழு எவ்வளவு தூரம் சென்றது என்பது சொல்லாமலே விளங்கும். 'லெஜெண்ட்' தரத் தவறிய அனுபவம் இது.

இருந்தும் சிவப்புத் தொகுப்பின் 26 பாடல்களில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது ஒன்றுகூட இல்லை. 'ரிவால்வர்' (1966) ஆல்பத்திலிருந்து 'எலினார் ரிக்பி', 'யெல்லோ சப்மரின்' இரண்டு மட்டுமே. ஒரே சிங்கிளின் இரு பக்கங்களாக வந்தவை. அந்த ஆல்பத்தின் கடைசியில், ஒலிநாடாச் சுழல்களையும் ஒரே சுருதியில் நிலைத்து நிற்கும் இசையையும் கொண்டு அவர்கள் அதுவரை செய்யாததைச் செய்த 'டுமாரோ நெவர் நோஸ்' இல்லை. மாற்றம் நிகழ்ந்த இடத்திலேயே தொகுப்பு கண்ணை மூடிக்கொண்டது. 2023இல் இரண்டு தொகுப்புகளையும் 21 பாடல்கள் கூட்டி விரித்தபோதுதான் அந்தப் பாடல் உள்ளே வந்தது. ஹாரிசனின் 'டாக்ஸ்மேன்' உள்ளிட்ட பாடல்களும் வந்தன. ஐம்பது ஆண்டு கழித்துச் செய்த அந்தத் திருத்தமே பழைய குறைக்கு ஒப்புதல். 2000இல் வந்த '1' தொகுப்பு பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ முதலிடம் பிடித்த 27 பாடல்களை மட்டும் ஏற்றது. அந்த விதியால் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' வெளியே நின்றது. பாப் இசை ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர் எவரும் தவிர்க்க முடியாத பாடல் அது.

காலவரிசை தேவை; ஆனால் அது மட்டும் போதாது. புதியதைத் தேடும் குழுக்களின் துணிச்சலான சோதனைகள் பெரும்பாலும் சிங்கிளாக வருவதில்லை. வந்தாலும் முதல் முயற்சியில் ஹிட் ஆவதில்லை. ஹிட் என்பது கேட்பவர்கள் ஏற்கனவே பழகிவிட்ட ஒலிக்குக் கிடைக்கும் வரவேற்பு. ஆகவே ஹிட்களின் தொகுப்பு ஒரு குழு வந்து சேர்ந்த இடங்களைக் காட்டும். புறப்பட்ட இடங்களைக் காட்டாது.

14 இடங்களை வேறு விதமாக நிரப்பினால்

குறை சொல்வதோடு நிற்பது நியாயமன்று. ஐலண்ட் நிறுவனமே 1986இல் 'ரெபெல் மியூசிக்' என்ற தொகுப்பில் அரசியல் பாடல்களைத் தனியே கொடுத்தது. காதலை ஓர் உறையிலும் கலகத்தை இன்னோர் உறையிலும் போட்டது சிக்கலை ஆழப்படுத்தியதே தவிரத் தீர்க்கவில்லை. அவை இரண்டும் ஒரே ஆல்பத்தின் இரு பக்கங்களாக இருந்ததே மார்லியின் தனித்தன்மை. 1992இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' நான்கு குறுந்தட்டுகளில், 1962இன் 'ஜட்ஜ் நாட்' தொடங்கிக் காலவரிசையாகச் சென்றது. வெய்லர்ஸை அறிய விரும்பும் எவருக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான். ஆனால் நான்கு தட்டுகள் என்பது வேறு வகை ரசிகருக்கானது. ஒற்றைத் தட்டு, 14 பாடல்கள் என்ற அதே கட்டுப்பாட்டுக்குள் என்ன செய்யலாம்?

உரிமைச் சிக்கலை ஒதுக்கிவைத்துவிட்டு, என் தேர்வைக் காலவரிசையில் சொல்கிறேன். 'சிம்மர் டவுன்' (1964), ஸ்கா வடிவ 'ஒன் லவ்' (1965), 'ஸ்டிர் இட் அப்'பின் 1967 பதிவு. பெர்ரி காலத்திலிருந்து 'சோல் ரெபெல்' (1970); பிறகு அவர்களே நடத்திய டஃப் காங் முத்திரையில் வந்த 'ட்ரெஞ்ச் டவுன் ராக்' (1971). லண்டன் கிட்டார் நுழைந்ததைக் காட்ட 'கான்க்ரீட் ஜங்கிள்' (1973). மூவர் குழுவின் இறுதிக் கட்டத்துக்கு 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' (1973). லைசியம் அரங்கின் 'நோ உமன், நோ க்ரை' (1975). 1963இல் ஐ.நா. சபையில் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி ஆற்றிய உரையையே பாடல்வரியாக்கிய 'வார்' (1976). பிறகு 'எக்ஸொடஸ்', 'வெயிட்டிங் இன் வெய்ன்' (1977), 'ஜிம்பாப்வே' (1979), 'குட் யூ பி லவ்ட்', 'ரிடெம்ப்ஷன் சாங்' (1980).

'லெஜெண்ட்'டின் ஆறு பதிவுகள் இதில் அப்படியே இருக்கின்றன. 'இஸ் திஸ் லவ்'வையும் 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்'ஐயும் விட்டது பலரை வருத்தும், எனக்கும் வருத்தம்தான். 1977ஆம் ஆண்டின் ஒலிக்கு இரண்டு இடத்துக்கு மேல் கொடுத்தால் வேறொரு காலம் இடமிழக்கும் என்பதால் விட்டேன்.

மிகுந்த விவாதத்துக்கு இடமளிக்கக்கூடியது 'ஜிம்பாப்வே'. 'சர்வைவல்' ஆல்பத்தின் சிங்கிள் எதுவும் பிரிட்டனில் முதல் 40க்குள் வரவில்லை. 'லெஜெண்ட்' அதை முழுமையாக ஒதுக்கியதற்கு அதுவே காரணம். 'காயா' மென்மையாகிவிட்டது என்ற விமர்சனத்துக்கு அடுத்த ஆண்டே மார்லி தந்த பதில் அந்த ஆல்பம். அட்டையில் ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகள், அவற்றின் குறுக்கே அடிமைகளை அடுக்கி ஏற்றிய கப்பலின் வரைபடம். விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு நாட்டை, அதன் ஆட்சியாளர்கள் ரொடீசியா என்று அழைத்துவந்த காலத்தில், அதன் மக்கள் சூட்டிய பெயரால் அழைத்துப் பாடிய பாடல் இது. 1980 ஏப்ரலில் அந்த நாடு விடுதலை பெற்றபோது மார்லி தன் சொந்தச் செலவில் ஒலிக்கருவிகளைக் கொண்டுசென்று, இன்று ஹராரே எனப்படும் தலைநகரின் ருஃபாரோ அரங்கில், யாருக்காக எழுதினாரோ அவர்கள் முன்னிலையிலேயே அதைப் பாடினார். லண்டன் கடைகளில் அது எத்தனை பிரதி விற்றது என்பதை இந்தத் தேர்வில் நான் கணக்கில் கொள்ளவில்லை.